எழுபது வளைவுகளும் ஒரு வேண்டுதலும்

நாமக்கல் நரசிம்மர் சந்நிதிக்கு எதிரே, கூரையின்றி வெட்டவெளியில் 18 அடி உயரத்தில் கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயரை நாள்தோறும் விடியற்காலையில் தரிசிக்க வருபவர்களுள் இரண்டு முதியவர்கள் உண்டு. ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர், வயது 66. மற்றவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 68. தபால்காரர் அவரை 'வாத்தியாரே' என்பார். ஆசிரியர் இவரைத் 'தபால்' என்றே அழைப்பார். முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட நட்பு அது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவில் ஆசிரியருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, கையில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கொல்லிமலை இருக்கும் திசையை நோக்கித் தபால்காரர் கும்பிட்டார். "அறப்பளீசுவரா, எங்க வாத்தியாரைக் காப்பாத்திக் குடு. சைக்கிள்லயே மலையேறி வந்து உன் மீனுக்குப் பொரி போடறேன்" என்று வேண்டிக்கொண்டார். ஆசிரியரின் இரத்தக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. அவர் பிழைத்தார். வேண்டுதல் மட்டும் நிலுவையில் நின்றது.

வருகிற தை மாதம் அதை நிறைவேற்றுவதென்று முடிவாயிற்று. அந்த முடிவுக்குப் பிறகு நான்கு மாதங்களாக நடந்துவரும் ஏற்பாடுகளே இக்கட்டுரையின் பொருள். வேண்டிக்கொள்ளும் வயதும் நிறைவேற்றும் வயதும் ஒன்றாக இல்லாத வாசகர்கள் பலருக்கு இது பயன்படக்கூடும்.

கொல்லிமலையைப் பற்றி முதலில் சில சொற்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இது, நாமக்கல் மாவட்டத்தில் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் காடும் மேட்டுநிலமும் ஆகும். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. அவனைப் போரில் கொன்ற மலையமான் திருமுடிக்காரி, மலையைச் சேரனுக்கு அளித்தான் என்பது சங்க நூல்கள் கூறும் செய்தி. குதிரைமீது அமர்ந்த ஓரியின் சிலை இன்றும் செம்மேட்டில் நிற்கிறது. ஆடிப்பெருக்கை ஒட்டி அவன் பெயரால் அரசு விழா நடைபெறுகிறது. சித்தர்கள் வாழ்ந்த மலை என்பதும் கோரக்கர் குகை இங்கிருப்பதும் பலர் அறிந்தவை.

மலையின் உச்சிப் பரப்பில், ஐயாற்றங்கரையில், வளப்பூர் நாட்டுப் பெரியகோவிலூரில் கோயில் கொண்டிருக்கிறார் அறப்பளீசுவரர். அம்பிகை அறம்வளர்த்த நாயகி. அறப்பள்ளி தேவார வைப்புத் தலங்களுள் ஒன்று. அதாவது, தனிப் பதிகம் கிடைக்கப் பெறாவிடினும் பிற பதிகங்களின் ஊடே பெயர் சுட்டிப் பாடப்பெற்ற தலம். நிலத்தை உழுதபோது கலப்பை பட்டு இரத்தம் பெருகிய இடத்தில் சுயம்பு இலிங்கம் வெளிப்பட்டதாகத் தலவரலாறு கூறுகிறது. இலிங்கத்தின் முடியில் அந்தத் தழும்பைக் காட்டுவார்கள். சீர்காழி அருணாசலக் கவிராயரின் மைந்தர் அம்பலவாணக் கவிராயர் இத்தலத்து இறைவன்மீது பாடிய அறப்பளீசுர சதகம், முற்காலத்தில் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மனப்பாடமாக விளங்கிய நூல். தமிழாசிரியருக்கு இன்றும் நூறு பாடல்களும் நாவில் நிற்கின்றன.

மீன் கதையைச் சொல்லாமல் இத்தலத்தைக் கடக்க இயலாது. ஐயாற்று மீனை ஒருவர் பிடித்து அறுத்துச் சமைத்தபோது, துண்டுகள் ஒன்றுகூடி மீன் மீண்டும் உயிர்பெற்று ஆற்றில் துள்ளிக் குதித்ததாம். அறுத்த மீனைப் பொருத்தியவர் என்று இறைவனுக்கு ஒரு பெயர் வழங்குகிறது. மீன்களை இறைவனின் வடிவாகவே எண்ணி அடியார்கள் பொரி இடுகிறார்கள். அறுவை சிகிச்சைக் கூடத்தின் வாயிலில் நின்ற தபால்காரருக்கு இந்தச் சுவாமி நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

இனி வழி. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாய்க்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைத் தாங்கிய பலகை நிற்கும். வளைவுகள் முடிந்தபின் சோளக்காடு, பிறகு செம்மேடு, அப்பால் மலைப்பரப்பின் ஊடாகக் கோயில். முள்ளுக்குறிச்சி வழியாக வளைவுகள் குறைந்த மற்றொரு பாதையும் இருக்கிறது. ஆனால் தபால்காரர் வேண்டிக்கொண்டபோது அவர் மனக்கண்ணில் நின்றது காரவள்ளிப் பாதைதான். பணிக்காலத்தில் அடிவாரத்துச் சிற்றூர்களுக்கு நாள்தோறும் மிதித்துச் சென்றவர் அவர். மலைமேல் செல்லும் தபால் பை பேருந்தில் ஏறிவிடும்; அவருடைய மிதிவண்டி அடிவாரத்தோடு திரும்பிவிடும். மலை எப்போதும் அவருக்கு அண்ணாந்து பார்க்கும் பொருளாகவே இருந்துவிட்டது.

முதல் சிக்கல் மிதிவண்டியிலேயே எழுந்தது. தபால் சுமந்த அதே கம்பி பிரேக் வண்டியில்தான் ஏறுவேன் என்று அவர் பிடிவாதம் செய்தார். கல்லூரியில் பொறியியல் பயிலும் பேரன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டான். பழைய வண்டியின் முன் பற்சக்கரத்தில் 44 பற்கள், பின்னால் 18. மிதி ஒருமுறை சுற்றினால் பின் சக்கரம் ஏறக்குறைய இரண்டரை முறை சுற்றும். வண்டி ஐந்தரை மீட்டர் நகரும். சமதளத்தில் இது வசதி. மலையில் இதுவே தண்டனை. ஐந்தரை மீட்டர் ஏற்றத்தை ஒரே சுற்றில் தூக்கக் கால்களால் ஆகாது. பேரனுடைய கியர் வண்டியில், முன்னால் 28 பற்களும் பின்னால் 34 பற்களும் கொண்ட கடைசிக் கியரில், ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் மீட்டர்தான் நகர்வு. அதே வேலையை மூன்று தவணையாகக் கட்டுவது போல. தவணைக் கணக்கு என்றவுடன் தபால்காரருக்குப் புரிந்துவிட்டது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்குகளைப் பல ஆண்டுகள் வீடுவீடாகச் சென்று திரட்டியவர் அல்லவா!

அடுத்த கணக்கு உயரம். அடிவாரத்துக்கும் மலைத்தலைக்கும் இடையே உள்ள ஏற்றம் ஏறத்தாழ 1,000 மீட்டர். அதை 70 ஆல் வகுத்தால் ஒரு வளைவுக்குச் சராசரி 14 மீட்டர், நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம். ஒன்றன்மேல் ஒன்றாக அத்தகைய 70 கட்டடங்கள். ஆளும் வண்டியும் மூட்டையுமாகச் சேர்த்து 92 கிலோ எனக் கொண்டால், மூட்டையில் கூடும் ஒவ்வொரு கிலோவும் உழைப்பை நூற்றுக்கு ஒரு பங்கு கூட்டுகிறது. சமதளத்தில் தெரியாத சுமை மலையில் வட்டியோடு தெரியும். ஆகவே வேட்டி, துண்டு, தேங்காய், பூசைப் பொருள், பொரி மூட்டை ஆகிய அனைத்தும் வண்டியில் ஏறக்கூடாது என்றாயிற்று. இவற்றை யார் கொண்டு வருவது? அந்தக் கேள்விதான் பின்னால் ஒரு பெரிய பிரச்சினையைத் தீர்த்து வைத்தது.

பெரிய பிரச்சினை ஆசிரியர். "எனக்காக வேண்டிக்கிட்டது நீ. நான் வீட்டுல உக்காந்திருந்து நீ மட்டும் மிதிக்கிறதா? நானும் வருவேன், தபால்" என்று ஒரு நாள் கோயில் வாசலில் சொல்லிவிட்டார். தபால்காரர் எவ்வளவோ மறுத்துப் பார்த்தார். ஆசிரியரின் மனைவி அழுதார். ஆசிரியருடைய வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. உயிர் மீண்டவன் நன்றி செலுத்தாமல், வேறொருவர் நெற்றி வியர்வையில் அந்தக் கடனைத் தீர்க்கவிடுவது அவருக்கு உறுத்தியது. ஆனால் நியாயம் வேறு, இரத்தக் குழாய் வேறு.

இருவரும் இதய மருத்துவரிடம் சென்றார்கள். எக்கோ, டிரெட்மில் சோதனை ஆகியவற்றைப் பார்த்தபின் மருத்துவர் ஆசிரியருக்குச் சமதளத்தில் மிதிவண்டி ஓட்ட அனுமதி தந்தார். மலையேற்றத்துக்கு இல்லை என்றார். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உட்கொள்பவர் கீழே விழுந்தால் சிறு காயமும் நெடுநேரம் கசியும் என்பதை எடுத்துக்கூறி, மலைச்சரிவில் வண்டியில் இறங்குவதையும் தடுத்தார். வேகத்துக்கு அவர் சொன்ன அளவுகோல் எளியது. மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் பாதுகாப்பான வேகம். வாக்கியம் நடுவில் அறுந்தால் வேகத்தைக் குறைக்கவேண்டும். ஆசிரியர் இதனைத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டார். சிவபுராணத்தை வாய்விட்டுச் சொல்லியபடியே மிதிக்கிறார். அடி நடுவே மூச்சு முட்டினால் இறங்கி நடக்கிறார். இப்போது நாமக்கல் கோட்டையைச் சுற்றிய தெருக்களில் விடியற்காலையில் திருவாசகம் சைக்கிளில் போகிறது.

மலைமேல் அவர் வருவது எவ்வாறு? பொரி மூட்டைதான் வழி காட்டியது. சுமையைப் பேருந்தில் கொண்டுவர ஓர் ஆள் தேவை. "மீனுக்குப் பொரி இல்லாமே நான் மேல போயி என்ன பண்றது, வாத்தியாரே? மூட்டைய நம்பி ஒப்படைக்க வேற ஆளு எனக்கு இல்ல" என்றார் தபால்காரர். ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பொரி எத்தனை படி?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாவது சிக்கல் இலக்கணத்தில் எழுந்தது என்றால் வாசகர்கள் சிரிப்பார்கள். ஏறமுடியாத இடத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் வேண்டுதல் நிறைவேறியதாகுமா? தபால்காரரின் மனத்தில் இது முள்ளாகக் குத்தியது. 'சைக்கிளோடு வருகிறேன்' என்றிருந்தால் தள்ளிக்கொண்டு போகலாம். 'சைக்கிளில் வருகிறேன்' என்றால் ஏறி அமர்ந்தே ஆகவேண்டும். தாம் சொன்னதோ 'சைக்கிள்லயே'. அந்த ஏகாரம் தேற்றேகாரமா, பிரிநிலை ஏகாரமா என்று ஆசிரியர் ஒரு மாலை முழுவதும் ஆராய்ந்தார். பேருந்து முதலான பிற ஊர்திகளை விலக்கும் பிரிநிலை ஏகாரமே என்றும், அது நடையை விலக்கவில்லை என்றும் தீர்ப்பளித்தார். தபால்காரரின் மனைவி அதற்குமேல் ஒன்று சொன்னார். அன்றிரவு அவரும் அங்கே நின்றவர். "ஏங்க, எழுபது வளைவையும் இறங்காமே மிதிப்பேன்னு நீங்க சொல்லவே இல்லீங்க. நான் காதாலே கேட்டேன்." இதற்கு மேல் முறையீடு இல்லை.

ஆனால் அதே அம்மையார் வேறொரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. தபால்காரர் பல ஆண்டுகளாகத் திங்கட்கிழமைதோறும் சோமவார விரதம் இருப்பவர். மாலை வரை நீரைத் தவிர எதுவும் உட்கொள்ளமாட்டார். முதல் திட்டத்தில் மலையேற்றம் திங்கட்கிழமையில் அமைந்திருந்தது. சனி, ஞாயிறுகளில் சுற்றுலாப் பயணிகளின் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் வளைவுகளில் நெரிசல் உண்டாக்கும் என்பதால் அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சிவனுக்கு உகந்த நாளில் சிவன் மலை ஏறுவது மேலும் பொருத்தமாகத் தோன்றியது. தபால்காரரும் பட்டினியோடு ஏறுவதாக மனத்துக்குள் முடிவு செய்து, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு; இரண்டு வேளை மாத்திரை.

இது சிறு விஷயமன்று. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளுள் சில, உணவு இல்லாத நிலையிலும் சர்க்கரையைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். அத்தோடு ஐந்து மணி நேர உடலுழைப்பும் சேர்ந்தால் வியர்வை, நடுக்கம், கண் இருட்டு, மயக்கம் என அடுத்தடுத்து வரும். ஒரு புறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமாக உள்ள பாதையில் வண்டிமேல் இருப்பவருக்கு மயக்கம் வந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. பயணப்பையில் சிற்றுண்டியே இல்லாததைக் கவனித்த மனைவி விசாரித்து உண்மையை வெளிக்கொணர்ந்தார். அன்றிரவு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "வாத்தியார் உசுருக்கு வேண்டிக்கிட்டீங்க. உங்க உசுருக்கு நான் யாருகிட்டப் போயி வேண்டிக்கறது?" என்ற கேள்விக்குத் தபால்காரரிடம் பதில் இல்லை.

இம்மாதிரி வேளையில் பெரும்பாலோர் விரதத்தையாவது பயணத்தையாவது கைவிடுவார்கள். இவர்கள் நாளை மாற்றினார்கள். திங்கட்கிழமை நாமக்கல்லிலிருந்து காளப்பநாய்க்கன்பட்டி வரை மட்டும் பயணம். சமதளம், குறைந்த தூரம். மருத்துவரின் யோசனைப்படி அன்று பட்டினி இல்லாமல் பாலும் பழமுமாக விரதம். மாத்திரையின் அளவையும் அவரே எழுதித் தந்துவிட்டார். இரவு உறவினர் வீட்டில் உணவும் உறக்கமும். செவ்வாய்க்கிழமை காலை இட்லி சாப்பிட்டுவிட்டு மலையேற்றம். இரவு செம்மேட்டில் தங்கல். புதன்கிழமை காலையில் ஐயாற்றில் நீராடி, மீன்களுக்குப் பொரி இட்டு, அறப்பளீசுவரர் தரிசனம். செவ்வாயில் பயணம் தொடங்கலாகாது என்பாருக்கும் இதில் குறையில்லை. புறப்பாடு திங்களன்றே நிகழ்ந்துவிடுகிறது. அன்று இராகுகாலம் ஏழரைக்குத் தொடங்குவதால் ஆறு மணிக்கே கிளம்பவேண்டும். திங்களன்று கிழக்கே சூலம். மலையோ கிழக்குப் பக்கம். அதற்குரிய பரிகாரமாக ஒரு கரண்டி தயிர் தருவதை அம்மையார் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார்.

வழியில் சேந்தமங்கலத்தில் ஒரு தங்கல் உண்டு. அங்குள்ள குன்றின்மேல் தத்தாத்ரேயர் கோயிலையும் அவதூதர் சுயம்பிரகாச சுவாமிகளின் சமாதியையும் தரிசிக்கலாம். 1948இல் சமாதியடைந்த அம்மகான், ஒன்றும் உடைமையாகக் கொள்ளாமல் திசைகளையே ஆடையாகக் கொண்டு வாழ்ந்தவர். புதுக்கோட்டை சாந்தானந்த சுவாமிகளின் குருநாதர். மூட்டையில் எதை எடுப்பது, எதை விடுப்பது என்று நான்கு மாதம் வாதாடியவர்கள் முதலில் போய் நிற்கும் சந்நிதி அவருடையதாக அமைந்தது தற்செயல்தான். அருகிலுள்ள நைனாமலை வரதராசப் பெருமாள் கோயிலின் படிகள் 2,500க்கு மேல். முழங்காலைக் காப்பாற்றிக்கொள்ளும் பொருட்டு அதைக் கீழிருந்தே சேவிப்பதென்று முடிவு.

தை மாதத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் மலைச்சாலைகளில் மண் சரியும், பாறை உருளும். மார்கழியில் காலைப் பனிமூட்டம் கண்ணை மறைக்கும். ஆடியில் திருவிழாக் கூட்டம். பங்குனி, சித்திரையில் அடிவாரத்து வெயில் முதியவர்களுக்கு ஆகாது. தையில் மழை ஓய்ந்திருக்கும், காடும் பசுமையாக இருக்கும். காட்டுச்சாலையில் இருட்டியபின் இருக்கக்கூடாது என்பது எல்லாப் பருவத்துக்கும் பொதுவான விதி.

பயிற்சி ஐப்பசியில் தொடங்கியது. வாரம் மூன்று நாள் மட்டும், இடையில் ஓய்வு. இந்த வயதில் உடல் வலுப்பெறுவது ஓய்வு நாளில்தான் என்பதைத் தபால்காரர் ஏற்கச் சில வாரங்கள் ஆயின. முதலில் சேந்தமங்கலம் வரை சென்று திரும்பினார். பிறகு அடிவாரம். மழை விட்டபின் ஒரு நாள் பத்தாம் வளைவு வரை. அங்கேதான் ஒரு நுட்பம் பிடிபட்டது. இடப்பக்கம் செல்லும் நம் வழக்கத்தில், சாலை இடப்புறம் திரும்பும் வளைவில் ஏறுபவர் உட்புறத்தில் அகப்படுகிறார். அங்கே தூரம் குறைவு, செங்குத்து அதிகம். சாலை வலப்புறம் திரும்பும் வளைவில் அவர் வெளிப்புறத்தில் இருக்கிறார். ஏற்றம் இதமாக நீள்கிறது. எனவே இடது வளைவுக்கு முன்பே கியரைத் தாழ்த்திக்கொள்ளவேண்டும், வேண்டுமானால் இறங்கித் தள்ளவேண்டும். வலது வளைவில் மூச்சை மீட்டுக்கொள்ளலாம். எதிரே வருபவருக்குத் தெரியாமல் சாலை நடுவில் சாய்ந்து செல்வது கூடவே கூடாது. மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்பது விதிதான். ஆனால் விதியை அறியாத ஓட்டுநர் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பதே நல்லது.

நேரக் கணக்கு இது. ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு 4 நிமிடம். 70 வளைவுக்கு 280 நிமிடம். பத்து வளைவுக்கு ஒருமுறை 10 நிமிட ஓய்வாக ஆறு முறை, ஒரு மணி நேரம். ஆக ஐந்து மணி நாற்பது நிமிடம். காலை ஏழு மணிக்குக் காரவள்ளியில் தொடங்கினால் பன்னிரண்டே முக்காலுக்கு முன் மேலே. "இது நடக்கிற வேகந்தான் தாத்தா" என்றான் பேரன். "ஆமாண்டா, தபால் பட்டுவாடாவும் அந்த வேகந்தான்" என்றார் தாத்தா.

பேரன் நண்பனிடம் மற்றொரு கியர் வண்டியை இரவல் வாங்கி உடன் வருகிறான். தனியாக ஏறுவதில்லை என்பது மனைவி விதித்த நிபந்தனை. குளுக்கோஸ் அவன் சட்டைப்பையில் இருக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் நீர், அதில் ஒன்றில் ஓ.ஆர்.எஸ். கரைசல். ஓய்வுதோறும் வாழைப்பழமோ எள்ளுருண்டையோ பொரிகடலையோ சிறிதளவு. பசித்தபின் உண்பது காலங்கடந்த செயல். பழம் பைக்குள் மறைந்திருக்கவேண்டும்; குரங்கின் கண்ணில் பட்டால் பையே போய்விடும். அவற்றுக்கு உணவு இடுவதும் கூடாது; சாலையோரத்தில் உணவுக்குக் காத்திருந்து பழகிய குரங்கு வண்டியில் அடிபட்டே சாகிறது. மாற்று டியூப் இரண்டு, காற்றுப் பம்பு, டயர் கழற்றும் நெம்புகோல், ஒட்டுப் போடும் பொருள்கள். மலைமேல் ஓட்டுப் போட்டு நேரம் கழிக்காமல் டியூபையே மாற்றிவிட்டு, பழுதைச் செம்மேட்டில் பார்த்துக்கொள்ளலாம். பின்னால் சிவப்பு விளக்கு, பளிச்சிடும் மேலாடை. கைப்பேசிக்கு எல்லா வளைவிலும் அலைவரிசை கிடைக்காது; ஆகவே எந்த மணிக்கு எந்த வளைவு என்ற அட்டவணையின் நகல் இரு வீடுகளிலும் காலண்டர் ஆணியில் தொங்குகிறது.

இறங்குவதைப் பற்றித்தான் கடுமையான விவாதம் நடந்தது. ஏறுவதே கடினம், இறங்குவது தானாக நடக்கும் என்று தபால்காரர் நினைத்தார். உண்மை அதற்கு நேர்மாறானது. ஏறும்போது தளர்ந்தவர் நின்றுவிடலாம். இறங்கும்போது தளர்ந்தவருக்கு வண்டி நிற்காது. பிரேக்கை விடாமல் அழுத்தியே வந்தால் சக்கரத்தின் விளிம்பு சூடேறிக் கட்டை தேயும். டியூப் வெடிக்கவும் கூடும். விட்டு விட்டு அழுத்தவேண்டும்; வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடவேண்டும். 70 வளைவுகளுக்கு அப்படி அழுத்தினால் முதியவர் விரல்கள் மரத்துப்போகும். வேண்டுதலில் ஏறுவது மட்டுமே உண்டு என்பதைச் சுட்டிக்காட்டி, திரும்பும்போது வண்டிகளைச் சரக்கு ஏற்றி இறங்கும் குட்டியானையில் கட்டி அனுப்பிவிட்டு மூவரும் பேருந்தில் வருவதென்று ஆசிரியர் முடித்து வைத்தார். குட்டியானையின் பின்புறத்தில் ஆட்கள் ஏறி உட்காரும் வழக்கம் பரவலாக உள்ளது. சட்டப்படியும் தவறு, மலைவளைவில் உயிருக்கும் ஆபத்து.

பழைய தபால் வண்டி திண்ணையோரம் சாய்ந்து நிற்கிறது. தபால்காரர் அதன் மணியைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் இட்டு, பேரனுடைய கியர் வண்டியின் கைப்பிடியில் பொருத்திவிட்டார். நவீன வண்டிக்கு அந்தப் பித்தளை மணி சற்றும் பொருந்தவில்லை என்று பேரன் சொல்லிப் பார்த்தான், பயனில்லை.

ஆசிரியர் செவ்வாயன்று காரவள்ளி வரை தம் மிதிவண்டியில் உடன் வருவார். வண்டியை அங்கே தெரிந்த தேநீர்க் கடையில் விட்டுவிட்டு, பொரி மூட்டையோடு சில மணி நேரம் காத்திருந்து, ஒன்பதரை மணியை ஒட்டி வரும் பேருந்தில் ஏறுவார். தாம் ஏறும் நேரத்தையும் பேருந்தின் வேகத்தையும் வைத்து அவரும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். பேருந்து தபால்காரரை எங்கே தாண்டும் என்பதுதான் அது. விடை நாற்பதாம் வளைவு. பேருந்து முன்பின் ஆனால் முப்பத்தேழுக்கும் நாற்பத்துமூன்றுக்கும் இடையில். சன்னலோர இருக்கையாகப் பார்த்து அமரவேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். பேருந்தின் ஒலி பின்னால் கேட்டதும் தபால்காரர் ஓரமாக ஒதுங்கி நிற்கவேண்டும், கையசைக்கவேண்டாம், கைப்பிடியை விடாமல் மணியை மட்டும் இரண்டு முறை அடித்தால் போதும் என்பது இருவருக்குமிடையே உள்ள ஏற்பாடு. வாசலில் தபால் வந்தால் அந்தக் காலத்தில் அடிப்பாரே, அந்த இரண்டு மணி.